இராமநாடகம் அருளிய சீகாழி அருணாசலக் கவிராயர்

தமிழ்நாட்டில் இராமகதையை அறியாதார் இலர். ஆயின் அதனைக் கம்பர் பாடலாகவே கற்று உணர்ந்தோர் எத்துணைப் பேர் என்று எண்ணப் புகின், அத்தொகை எக்காலத்தும் சிறிதாகவே இருந்துவந்துள்ளது. ஏட்டைக் கையால் தொடாதவரும், எழுத்தறியாத உழவரும், அடுக்களையை விட்டு அகலாத மாதரும் கம்பர் கண்ட இராமனைச் செவியாரக் கேட்டு வாயாரப் பாடி வந்தனர் எனின், அதற்குக் காரணர் ஒருவர் உளர். அவரே சீகாழி அருணாசலக் கவிராயர். கார்காத்த வேளாளர் மரபில் தோன்றிய அப்பெரியாரின் பெயரை இப்பத்திரிகை அன்பர்கள் யாவரும் கேட்டிருப்பர். எனினும் அவர் இராமநாடகத்தை அரங்கேற்றியபோது அறுபது வயதை எட்டியிருந்தார் என்பதும், இளமையில் உள்ளத்திற் புகுந்த ஒரு பற்று அதுகாறும் அவருள்ளே காத்துக் கிடந்தது என்பதும் பலர் கருத்தில் நில்லாதன. அதுபற்றியே இச்சரிதத்தை எழுதத் துணிந்தோம்.

கவிராயர் 1711-ஆம் ஆண்டில் தில்லையாடி என்னும் ஊரில் நல்லதம்பிப் பிள்ளை என்பவருக்கும் வள்ளியம்மைக்கும் மகனாகப் பிறந்தார். பிற்காலத்தில் தென்னாப்பிரிக்க அறப்போரில் சிறை சென்று 1914-இல் உயிர்நீத்த வள்ளியம்மையின் முன்னோர் ஊரும் இதுவே. தில்லையாடிக்கு அருகே கடற்கரையில் உள்ளது தரங்கம்பாடி. அங்கே டேனிஷ்காரர்கள் 1620 முதற்கொண்டு கோட்டை கட்டி வாழ்ந்தனர். அருணாசலம் தவழ்ந்து விளையாடிய காலத்தில் அவ்வூரில் சீகன்பால்கு பாதிரியார் அச்சுப்பொறியை நிறுவித் தமிழ் நூல்களைப் பதிப்பிக்கத் தொடங்கியிருந்தார். அச்சு அத்துணை அண்மையில் இருந்தும், நம் கவிராயர் வாழ்நாள் முழுதும் பனையோலையிலேயே எழுதினார். அவருடைய பாட்டுக்கள் ஓலையிலிருந்து அச்சேறுதற்கு அடுத்த நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. அதற்கு முன்னரே அவை வாய்வழியாக நாடு முழுதும் பரவிவிட்டன.

அக்காலத்துச் சோழநாடு கூத்தின் நாடு. தஞ்சையில் மராட்டிய மன்னர் அரசு புரிந்தனர். கவிராயர் பிறந்த ஆண்டில் அரியணையில் இருந்த சகசி மன்னர் தாமே நாடகங்கள் இயற்றியவர். நாடகக்காரரையும் ஆடல் மகளிரையும் ஆதரித்தவர். தெலுங்கிலே யட்சகானமும், மெலட்டூர் முதலிய ஊர்களில் பாகவத மேளமும், தமிழிலே குறவஞ்சியும் பள்ளும் நொண்டி நாடகமும் செழித்திருந்த காலம் அது. அறுவடை முடிந்து களம் ஓய்ந்தபின், கோயில் விழாக்களை ஒட்டித் தீவட்டி வெளிச்சத்திலே விடியும் வரை கூத்து நடைபெறும். மறுநாள் ஊர்ப் பிள்ளைகள் தென்னமட்டையை வில்லாகவும் வைக்கோற் பிரியை முடியாகவும் கொண்டு தெருவிலே அதனை மீட்டும் ஆடுவர். காவிரிக் கரையிற் பிறந்த பிள்ளைகளில் இதற்கு விலக்கானவர் அரியர். சிறுவன் அருணாசலமும் அக்கூட்டத்தில் ஒருவனாய் நின்றிருப்பான் என்று கொள்வதில் தடையில்லை. பின்னாளில் அவர் செய்த நூலைக் காணுங்கால், மேடையின் போக்கை ஏட்டிலிருந்து மட்டும் கற்றவர் அவ்வாறு எழுதுதல் அரிது என்றே எமக்குத் தோன்றுகிறது.

இவ்விளையாட்டுப் பருவம் நீளவில்லை. பன்னிரண்டு வயதளவில் அருணாசலம் பெற்றோரை இழந்தார். ஆதரவற்ற அப்பிள்ளைக்கு மாயூரத்தை அடுத்த தருமபுரம் ஆதீனம் தாய்வீடாயிற்று. அங்கே தமிழும் வடமொழியும் சைவ நூல்களும் கற்றார். மடத்தின் பாடங்களுள் சாத்திரமும் தோத்திரமும் தலைமை பெற்றிருக்க, இவருடைய உள்ளம் கவர்ந்த நூல்கள் திருக்குறளும் கம்பராமாயணமும் ஆகும். அவற்றுள்ளும் கம்பரை அவர் கற்ற முறை தனி. பொருள் கேட்டு அமைதல் அன்றி, பாட்டைத் திரும்பத் திரும்ப ஓதி, இன்னார் இன்ன நிலையில் நின்று இன்னது பேசுகின்றார் என்று கண்முன் நிறுத்திப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அக்காலத்திலேயே உண்டாகியிருத்தல் வேண்டும். கம்பர் தம் நூலுக்குக் காப்பியம் என்னும் உருவைத் தந்தாரேனும் அதன் உயிர் நாடகம் என்பதைப் படித்தோர் அறிவர். கைகேயி சூழ்வினைப் படலத்தையும், வாலி வதைப் படலத்தையும், அங்கதன் தூதையும் வாய்விட்டுப் படிக்கும் எவர்க்கும், தம்மை அறியாமலே குரல் மாறிவிடும். கூத்துக் களத்தில் இழந்ததை அப்பிள்ளை கம்பர் ஏட்டிலே கண்டெடுத்தான் எனலாம்.

கல்வி நிறைந்த காலத்தில், இவருடைய அறிவையும் ஒழுக்கத்தையும் கண்ட ஆதீனத் தலைவர், இவரைத் துறவு பூண்டு மடத்திலேயே அமையுமாறு விரும்பினர் என்பது வரலாறு. இவர் பணிவோடு மறுத்தார். ஊர் திரும்பி, தம் முப்பதாவது வயதளவில் மணம் புரிந்துகொண்டு, பிழைப்பின்பொருட்டுக் காசுக்கடை வைத்தார். கம்பரைக் கரைத்துக் குடித்த ஒரு புலவர், பொன்னை உரைத்து மாற்றுக் கண்டு, தராசு பிடித்து, வட்டிக் கணக்கு எழுதி வாழ்ந்தார். இதனைத் தாழ்வாகக் கூறுவார் சிலர். நாம் அவ்வாறு கருதுகின்றிலோம். குடும்பம் தாங்கும் கடமை புலமைக்கு இழுக்கன்று. ஆயினும் நூல் செய்தற்கு உரிய வயதெல்லாம் பெட்டியடியிலே கழிந்தன என்பதும் மறைத்தற்கில்லை. கடை ஓய்ந்த மாலையில் திண்ணையில் அமர்ந்து கம்பரை அவிழ்த்துப் படிப்பதும், கேட்க வந்தோர்க்குப் பொருள் விரித்துரைப்பதுமே அவருக்கு எஞ்சிய இன்பம்.

அவரைப் பெட்டியடியிலிருந்து எழுப்பியவர் ஒரு பழைய நண்பர். கடைக்குப் பொன் வாங்கும்பொருட்டுக் கவிராயர் ஒருமுறை புதுச்சேரிக்குப் புறப்பட்டார். வடக்கே செல்லும் வழியில் சீகாழியிலே தங்கினார். அங்கே தருமபுர ஆதீனத்தின் சார்பாகக் கோயிற் காரியங்களைக் கவனித்துவந்த சிதம்பரம் பிள்ளை என்பவர் இவரை அறிந்தவர். அவர் அத்தலத்தின்மேல் ஒரு பள்ளுப் பிரபந்தம் பாடத் தொடங்கி, மேற்செல்ல இயலாமல் இடர்ப்பட்டுக்கொண்டிருந்தார். பள்ளு என்பது உழவர் வாழ்வைப் பாடும் நாடகப் பாட்டு. பள்ளனும் அவன் மனைவியர் இருவரும் பண்ணைக்காரனும் அதில் பாத்திரங்கள். மழைக்குறி பார்த்தலும், ஆற்றில் வெள்ளம் வருதலும், நெல்வகைகளும், மாட்டின் வகைகளும், இளையாள் மூத்தாள் ஏசலும் அதன் உறுப்புக்கள். இவற்றை மடத்து நூலறிவு கொண்டு மட்டும் பாடிவிடுதல் இயலாது. நண்பருடைய இடர்ப்பாட்டைக் கேட்ட கவிராயர் அவ்விரவே ஏட்டை வாங்கிப் பாடத் தொடங்கினார் என்றும், சிதம்பரம் பிள்ளை பொன் வாங்கும் வேலையைத் தம் ஆட்களிடம் ஒப்பித்துவிட்டு, இவரை அங்கேயே நிறுத்திக்கொண்டு நூலை முடிப்பித்தார் என்றும் கூறுவர். அதன்பின் நண்பர் ஆள் அனுப்பித் தில்லையாடியிலிருந்து குடும்பத்தையும் வருவித்து, வீடும் வாழ்க்கைக்கு வேண்டுவனவும் அமைத்துத் தந்தார். பொன் வாங்கப் போனவர் பொன் வாங்காமலே நின்றார். காசுக்கடையும் அத்துடன் ஒழிந்தது. சிதம்பரம் பிள்ளை செய்த இவ்வுதவிக்குத் தமிழுலகம் கடமைப்பட்டுள்ளது.

அன்றுமுதல் சீகாழி அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இப்பொழுது மயிலாடுதுறை மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் திருஞானசம்பந்தர் அவதரித்த தலம்; பிரமபுரம், வேணுபுரம், தோணிபுரம் எனப் பன்னிரு பெயர் கொண்டது. பாட்டும் இசையும் இவ்வூருக்குப் புதியன அல்ல. தமிழிற் பல்லவி, அநுபல்லவி, சரணம் என்னும் உறுப்புக்களோடு கீர்த்தனம் பாடி வழிகாட்டிய முத்துத்தாண்டவர் கவிராயருக்கு முன்னரே இவ்வூரில் வாழ்ந்தவர். இத்தகைய ஊரில் கவிராயர் தலபுராணமும் கோவையும் பாடினார். அசோமுகி நாடகம் ஒன்றும் அவர் செய்தது. அதன் கதை கந்தபுராணத்தில் உள்ளது. சூரபன்மனுக்கு அஞ்சிய இந்திரன் மனைவியோடு சீகாழியில் மறைந்து உறைந்ததும், அவன் அகன்றிருந்தபோது அசுரன் தங்கை அசோமுகி இந்திராணியைப் பற்றி இழுத்ததும், ஐயனாரின் படைத்தலைவராகிய மாகாளர் அவள் கையைத் துணித்ததும் ஆகிய நிகழ்ச்சிகளுக்கு இடம் இவ்வூரே. தாம் குடியேறிய ஊரின் கதையை அவ்வூரார் காணும்படி நாடகமாக்கினார். பிரபந்தம் பாடும் புலவர் பலர் இருந்த அக்காலத்தில், நாடகத்தில் நாட்டம் கொண்ட புலவர் சிலரே. அந்நாட்டம் இவரிடத்தில் மெல்ல மெல்ல வெளிப்பட்டு வருதலை இங்கே காணலாம்.

இனி இராமநாடகம் பிறந்த வரலாற்றுக்கு வருவோம். சீகாழியை ஒட்டிய சட்டநாதபுரத்தில் வேங்கடராமையர், கோதண்டராமையர் என இருவர் இருந்தனர். இருவரும் சங்கீதத்தில் வல்லவர். அவர்கள் கவிராயரிடம் வந்து கம்பராமாயணம் பாடங் கேட்டனர். ஆசிரியர் படலம் படலமாகப் பொருள் விரிக்க, மாணவர் செவியில் அது இசையாகவே விழுந்தது. இதனைப் பண்ணிலே அமைத்துப் பலரும் பாடும்படி செய்தல் ஆகாதோ என்ற எண்ணம் அவ்விடத்தே முளைத்தது. கவிராயர் சொல்லும் பொருளும் தர, மாணவர் இருவரும் இராகமும் தாளமும் வகுத்தனர். ஆசிரியர் மாணவரிடத்தே இசைக்குத் தலைவணங்கினார். மாணவர் ஆசிரியரிடத்தே தமிழுக்குத் தலைவணங்கினர். இங்ஙனம் மூவர் கூடிச் செய்த நூல் அது.

இதில் அடங்கிய துணிவை இக்காலத்தார் எளிதில் உணரார். மடத்திலே கற்ற ஒரு சைவப் புலவர், தலபுராணம் பாடிப் பெயர் பெற்றவர், தம் முதுமையிலே தருவும் திபதையும் பாடுவது அக்காலப் புலவர் கண்ணுக்கு ஒரு படி இறங்குதலாகவே தோன்றியிருக்கும். வெண்பாவும் விருத்தமும் யமகமும் திரிபுமே புலமைக்கு அளவுகோல். தருவோ கூத்தாடுவோர் வாயில் வழங்குவது. அதிற் கம்பரைப் புகுத்துதல் தகுமோ என்று ஐயுற்றோர் இருந்திருப்பர். கவிராயர் அவர்களுக்கு மறுமொழி ஏதும் எழுதிவைத்தாரல்லர். பாலகாண்டம் தொடங்கி யுத்தகாண்டம் முடிய ஆறு காண்டத்தையும் பாடிமுடித்தார். அதுவே அவர் மறுமொழி.

நூலின் அமைப்பு இது: கதை நடக்கும் இடங்களை விருத்தம் சுருக்கிச் சொல்லும், பாத்திரம் வாய்திறக்கும் இடத்தில் தரு தொடங்கும். ஆகவே, கம்பர் பல பாட்டில் விரித்த வருணனைகளைக் கவிராயர் தயங்காது விடுத்தார். நாடும் நகரும் ஆறும் பொழிலும் குறைந்தன, பேச்சு ஓங்கியது. மிதிலையிலே கன்னிமாடத்தில் நின்ற சீதையை இராமன் காணும் கட்டத்தைக் கம்பர் இருவர் நோக்கும் கலக்கும் காட்சியாகப் பாடினார். கவிராயரோ இராமன் வாயில் ஒரு வினாவை வைத்தார். அவள் யாரோ என்று அவன் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் அப்பாட்டு இன்றளவும் கச்சேரிகளிலும் பரத மேடைகளிலும் ஒலிப்பது. காட்சியைச் சொல்லாக மாற்றி, அச்சொல்லை ஆடுவோர் முகத்திற்கு ஏற்றதாக்கினார். இஃது ஏட்டுப் புலவர் செய்கை அன்று, அரங்கறிந்தவர் செய்கை.

இன்னோரிடம் காண்க. இலங்கையிலிருந்து மீண்ட அநுமன் இராமன் முன் நிற்கும் வேளை. சீதையை என்று முதலிற் சொல்லித் தொடங்கினால், அடுத்த சொல் வருமுன் இராமன் உள்ளம் என்ன பாடுபடுமோ என்று அஞ்சி, கண்ட செய்தியைக் குறிக்கும் சொல்லை முன்வைத்துத் தொடங்குமாறு கம்பர் அமைத்தார். அந்நுட்பத்தைக் கவிராயர் தவறவிடவில்லை. அதே சொல்லை முதலில் வைத்ததோடு, இருமுறை அடுக்கியும் வைத்தார். ஓடிவந்த தூதன் மூச்சு வாங்க நின்று, மகிழ்ச்சி தாளாமற் பேசுவது அந்த அடுக்கிலே கேட்கிறது. கம்பரைப் பல்லாண்டு திண்ணையிலிருந்து படித்தவர்க்கே இது கைவரும்.

மொழிநடையிலும் அவர் ஒரு துணிவு காட்டினார். சோழநாட்டு மக்கள் வயலிலும் சந்தையிலும் வழங்கிய பழமொழிகளையும் பேச்சு மரபுகளையும் அரசர் வாயிலும் அரக்கர் வாயிலும் தாராளமாகப் பெய்தார். கூனியும் சூர்ப்பணகையும் நம் அண்டை வீட்டார்போற் பேசுவர். இதனைக் குறையென்று கூறுவாரும் உளர்; காவியத்தின் பெருமிதம் குறைகின்றது என்பர். பெருமிதம் வேண்டுவோர்க்குக் கம்பர் இருக்கவே இருக்கின்றார். நாற்று நடுவோர் நாவில் நிற்பதற்குக் கவிராயர் தேர்ந்த நடையே ஏற்றது என்பது எம் துணிபு.

நூல் முடிந்தபின் அரங்கேற்றத்திற்கு அவர் நாடிய இடம் திருவரங்கம். கம்பர் தம் காவியத்தை அரங்கேற்றியதும் அங்கேயே. தாயார் சந்நிதியின் முன் அம்மண்டபம் இன்றும் காட்டப்படுகிறது. கோயிலார் இவருடைய நூலை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பெருமானது உத்தரவு வேண்டும் என்றனர். காழியிலிருந்து வந்த சைவர், அதுவும் கூத்துப் பாட்டோடு வந்தவர், அரங்கன் வாயிலில் நின்றார். அந்நிலையில் அவர் மோகன இராகத்தில் பாடியதாக வழங்கும் கீர்த்தனம் ஒன்று உண்டு. பள்ளிகொண்டிருக்கும் பெருமானை நோக்கி, இக்கிடை எதனால் வந்த களைப்பு என்று அது வினவுகின்றது. முனிவர் பின் நடந்ததாலோ, வில்லை முறித்ததாலோ, காடு கடந்ததாலோ, போர் புரிந்ததாலோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் செல்ல, இராமகதை முழுதும் ஒரு பாட்டிற்குள் வந்துவிடுகிறது. அன்றிரவு பெருமான் கனவில் தோன்றித் தம் பரிவாரங்களையும் பாடும்படி பணித்தனர் என்றும், கவிராயர் அவ்வாறே பாடி நூலின் முன்னே சேர்த்தபின் அரங்கேற்றம் இனிது நிறைவேறிற்று என்றும் கூறுவர். கம்பரையும் நம்மாழ்வாரைப் பாடும்படி அரங்கன் பணித்தனன் என்னும் கதை உண்டன்றோ! கனவை நம்புவோர் நம்புக. அம்முதியவர் உத்தரவுக்குக் காத்து நின்ற அப்பொழுதை நினைக்குங்கால் எமக்குக் கனவினும் அக்காத்திருப்பே பெரிதாகத் தோன்றுகிறது. மறுமொழி இல்லையென்று வந்திருப்பின், ஓலைக்கட்டோடு காழிக்குத் திரும்புவதன்றி அவருக்கு வேறு வழியில்லை.

அரங்கேற்றமான காலமோ சோழநாட்டுக்குத் தீயகாலம். துளசா மன்னர் தஞ்சையை ஆண்டார். 1771-இல் ஆற்காட்டு நவாபின் படையும் கும்பினியார் படையும் தஞ்சையை முற்றுகையிட்டன. பெரும்பொருள் கொடுப்பதாக ஒப்பி மன்னர் அன்று தப்பினார். 1773-இல் மீண்டும் படை வந்தது, கோட்டை வீழ்ந்தது, மன்னர் சிறைப்பட்டார். 1776-இல்தான் அவருக்கு நாடு திரும்பக் கிடைத்தது. புலவரைப் போற்றிய ஓர் அரசவை இவ்வாறு நிலைகுலைந்திருக்க, தஞ்சையிலே பெறவேண்டிய சிறப்பைக் கவிராயர் சென்னையிலே பெற்றார். ஆளுநர் பிகட்டுக்குத் துபாஷியாயிருந்த மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் அவரை வரவேற்று, நூல் முழுதும் கேட்டு, பொன் சொரிந்து பெருமைப்படுத்தினர் என்பர். முத்துசாமி தீட்சிதரின் தந்தையாகிய இராமசாமி தீட்சிதரை ஆதரித்ததும் இம்மணலிக் குடும்பமே. ஒருகால் பொன் வாங்கப் புறப்பட்டுப் பாதி வழியில் நின்றவருக்கு, வேண்டாத காலத்தில் பொன் தானே வந்தது.

கவிராயர் 1779-இல் மறைந்தார். அப்பொழுது திருவாரூரில் பிறந்த தியாகராசர் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. சங்கீத மும்மூர்த்திகள் பாடத் தொடங்குமுன்னரே தமிழில் ஒரு பெருங்கதை முழுதும் கீர்த்தனங்களாக நிறைவுற்றிருந்தது என்பதை இசையன்பர் கருதிப் பார்ப்பாராக. அடுத்த நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரத்தைப் பாடியபோது, கதையைத் தருவாலும் விருத்தத்தாலும் நடத்தும் வழி அவர் முன் விரிந்தே கிடந்தது. கதாகாலட்சேபம் செய்வோரும், தெருக்கூத்து ஆடுவோரும், சதிர் ஆடும் மகளிரும் இராமநாடகத்தினின்று வேண்டுவன எடுத்துக்கொண்டனர். நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் அறியாமலே அதனைப் பாடினோர் பலர்.

சட்டநாதபுரத்து ஐயர் இருவரும் வகுத்த மெட்டுக்கள் பெரும்பாலும் வழக்கொழிந்தன. 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்து, கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்ற குரல் ஓங்கியபோது, வித்துவான்கள் இராமநாடகத்தை மீண்டும் நாடினர். பழைய இராகம் அறியப்படாதவற்றிற்கும், அறியப்பட்டும் கேட்போர் செவிக்கு ஒவ்வாதவற்றிற்கும் புது இராகம் அமைத்துப் பாடினர். ஆதலின் நாம் இன்று கேட்கும் மெட்டு வேங்கடராமையரும் கோதண்டராமையரும் கேட்டறியாததாக இருத்தல் கூடும். சொல் கவிராயருடையதே. சீகாழியில் இப்பொழுது முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், அவர் காலத்தவராகிய தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய மூவர்க்கும் சேர்த்து ஒரு மணிமண்டபம் உள்ளது. அத்தலத்திற்குச் செல்லும் நம் அன்பர்கள் தோணியப்பரை வழிபட்டபின் அங்கும் சென்று வருவாராக. சட்டநாதபுரமும் பக்கத்திலேயே உள்ளது.